நாற்பத்தோராம் வாசல்

மூன்று வருடம் மனுப் போட்டு, என் அப்பாவின் புராஸ்டேட் சுரப்பிக்கே மாற்றல் வாங்கினேன். அதற்கு முன்பு யாரோ ஒருவரின் கல்லீரலில் காவல் வேலை பார்த்தேன். அங்கே பஸ் வசதி கிடையாது.

அப்பா வெயிலுமுத்து, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருடம் படியில் நின்றவர்களை உள்ளே போகச் சொன்னவர். காலையில் அவர் காப்பி குடித்து முடித்ததும் நான் உள்ளே போவேன். சாயங்காலம் இறங்கி வந்து அவரோடு சாப்பிடுவேன்.

"உள்ள எல்லாம் எப்படிடா இருக்கு?" என்பார்.

"நல்லா இருக்குப்பா" என்பேன். அவர் என்றால் எனக்கு உயிர். மாற்றல் கேட்டதே அதற்காகத்தான்.

வேலை ஒன்றும் கடினமில்லை. ஒவ்வொரு செல்லின் வாசலிலும் சர்க்கரை இழைகள் முளைத்திருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும். இனித்தால் நம்மவர், கம்பைக் கீழே வைத்துக் கும்பிட வேண்டும். இனிக்காவிட்டால் புற்று, அடித்து விரட்ட வேண்டும். முகத்தை மட்டும் பார்க்கக் கூடாது. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடுமாம்.

நாற்பத்தோராம் வாசலில் இழைகள் தரைவரை தொங்கின. அப்படி ஓர் இனிப்பை நான் எங்கும் கண்டதில்லை. அந்த வீடு பக்கத்து வீடுகளை இடித்துக்கொண்டு நாளுக்கு நாள் பெரிதானது. எனக்கு உறுத்தியது. மேலதிகாரி ஏகாம்பரத்தை அழைத்து வந்தேன். அவர் தொட்டு நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இவரை விட நம்மாளு யாருய்யா இருக்கா?" என்று கம்பைக் கீழே வைத்தார்.

பங்குனியில் அந்த வீட்டுக்காரர் இடுப்பெலும்புக்கும் குடிபோக அனுமதி கேட்டார். சுவைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மறுவாரம் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அடுத்து அந்த வீட்டுக்காரர் முதுகெலும்புக்குக் கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் இனித்தது. போட்டேன்.

அன்று அப்பா பாதிச் சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டு வழக்கம்போல விசாரித்தார். வழக்கமான பதிலைச் சொன்னேன்.

சித்திரையில் ஒருநாள் அப்பா ஸ்கேன் எடுக்கப் படுத்திருந்தார். நான் பாதியில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். நாற்பத்தோராம் வாசல்காரர் அப்பாவின் நாற்காலியில், அப்பாவின் பனியனைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன். இனித்தார். கும்பிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அப்பா வந்து கதவைத் தட்டினார். மிகவும் மெலிந்திருந்தார். அவர் மணிக்கட்டைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தேன். ஒரு ருசியும் இல்லை. இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன். பிறகு கம்பை எடுத்தேன்.

"அடிக்காதடா. நான் படியிலயே நின்னுக்கிறேன்" என்றார்.

நின்றுகொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து இரண்டு தட்டுப் போட்டேன்.

"எல்லாம் எப்படிடா இருக்கு?" என்று நாற்காலியில் இருந்தவர் கேட்டார்.

"நல்லா இருக்குப்பா" என்றேன்.