மிச்சக் காற்று

கடைசிக் கூட்டமும் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனபின், பெயிண்ட்பால் திடலின் தகரக் கொட்டகையில் அண்ணியும் நாத்தனாரும் துப்பாக்கிகளைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தார்கள். சாய உருண்டைதானே என்று வருகிறவர்கள் விளையாட்டாகச் சொல்வார்கள். கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

துப்பாக்கியின் மேலே இருக்கும் டப்பாவிலிருந்து உருண்டைகளைக் கொட்ட வேண்டும், காற்று சிலிண்டரைத் திருகி எடுக்க வேண்டும். அதோடு முடிந்தது என்று நினைத்தால் தப்பு. சிலிண்டர் போனபிறகும் உள்ளே கொஞ்சம் காற்று அடைந்து கிடக்கும். தரையைப் பார்த்துப் பிடித்து, வெறும் 'டிக்' சத்தம் வரும்வரை சுட்டுத் தீர்த்துவிட்டுத்தான் முகமூடியைக் கழற்றலாம், குழலுக்குள் துணி விடலாம். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே நாத்தனார்தான். அண்ணி ஒருமுறை மறந்ததற்கு இரண்டு நாள் வாய் ஓயாமல் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவள், முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு, சிலிண்டரை மட்டும் கழற்றிவைத்துவிட்டு, உள்ளே சாயம் ஒட்டியிருக்கிறதா என்று குழலைக் கண்ணருகே தூக்கினாள். விரல் விசைமேல் இருந்தது.

அண்ணி பாய்ந்து குழலைத் தட்டிவிட்டாள். 'டப்' என்றது. தகரச் சுவரில் பச்சைச் சாயம் வழிந்தது.

"உனக்கு என்னடி ஆச்சு? பைத்தியமா பிடிச்சிருக்கு?"

நாத்தனார் சுவரில் வழிந்த சாயத்தைப் பார்த்தாள். "அண்ணன் போன் பண்ணினான். நாளைக்கு வரானாம்."

வேலைக்கென்று வேறு ஊருக்குப் போனவன், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்து, ஒருநாள் பேசாமலே இருந்துவிட்டவன்.

"எதுக்காம்?"

"டைவர்ஸுக்கு உங்க கையெழுத்து வேணுமாம்."

நெடுநேரம் பேருந்துக்கு நின்றவளிடம், இனி வராது என்று யாரோ சொல்லிவிட்டுப் போனதுபோல் இருந்தது அண்ணிக்கு.

"இதுக்கா கண்ணைக் குடுக்கப் பார்த்த? உங்க அண்ணன் இல்லாம இருக்க எனக்குப் பழகித்தான் ரொம்ப நாளாச்சே."

"உங்களுக்கென்ன, கையெழுத்துப் போட்டுட்டு வேலையப் பார்ப்பீங்க. அப்புறம் நான் உங்களை என்னன்னு கூப்பிடறது?"

இதை அண்ணி யோசித்ததே இல்லை. நாத்தனாரின் விரல் இன்னும் விசைமேலேயே இருந்தது.

"முதல்ல அந்த விரலை வெளிய எடு" என்றாள் அண்ணி.

மறுநாள் காலை அவன் வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். வாசல் மேசையில் காகிதங்களைப் பரப்பினான். அவன் காட்டிய இடத்திலெல்லாம் அண்ணி கையெழுத்துப் போட்டாள். தங்கை கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

"இனிமே எங்க போகப்போற?" என்று கேட்டான்.

"எங்கயும் இல்ல. துப்பாக்கி நிறையக் கிடக்கு."

அவன் போனபின் இருவரும் வேலையில் மூழ்கினார்கள். நாத்தனார் அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. "இந்தாங்க" என்றாள், "இதக் கொஞ்சம் பாருங்க" என்றாள், ஒருமுறை வெறுமனே தொண்டையைக் கனைத்தாள். பக்கத்தில் இருந்தால் இப்படியே ஓட்டிவிடலாம்.

மதியம் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பும் இயந்திரம் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். திடலின் அந்தக் கோடியில், சாயம் அப்பிய மரப் பீப்பாய்களுக்கு நடுவே நாத்தனார் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, இவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று இரைச்சலில் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. அண்ணி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.