இரண்டு நிமிட அவகாசம்

…பழுதில்லை என்று எழுதிவிட்டுப் போனால் என்ன, அது பொய்யா, கார்டு ரீடரில் பழுதே இல்லையே, காலையிலிருந்து இருபது தடவை சோதனைக் கார்டைக் காட்டிப் பார்த்தாயிற்று, காட்டியதும் பச்சை விளக்கு எரிகிறது, திரையில் பெயர் வருகிறது, ஒயரை அசைத்தாலும் அசையாமல் இருக்கிறது… மூன்றாம் மாடியில், ஜெராக்ஸ் மெஷினின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக் கை வேலையில் இருந்தது, மனது இல்லை. முதுகுக்குப் பின்னால் மேலாளர். அவருடைய ஷூ நுனி மட்டும் தெரிந்தது, அது தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சேவைப் படிவத்தில் ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து, அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தக் கையெழுத்து விழுந்தால் இந்த அலுவலகக் கோப்பறையில் இருக்கும் அக்காவின் வேலை போய்விடும். வேலையை விட்டு அனுப்பப்போகிற முப்பது பேரின் பட்டியல், மேலாளர் அறையை விட்டு வெளியே வந்திருக்கவே கூடாதது, போன வியாழக்கிழமை யாரோ அதை முப்பது பிரதி எடுத்து முப்பது பேரின் மேசையிலும் வைத்துவிட்டார்கள். மெஷினின் பதிவில் கோப்பறை அக்காவின் பெயர். கூப்பிட்டுக் கேட்டதற்கு, மெஷின் என்ன சொல்லுதோ அதையே வச்சுக்கோங்க என்று மட்டும் சொன்னாராம், எவ்வளவு திமிர் பாருங்கள் என்றார் மேலாளர். திமிரா… குற்றம் செய்தவர்கள்தானே படபடவென்று பேசுவார்கள், மடியில் கனமில்லாதவர் எதற்குப் பேச வேண்டும்?

திரையில் அமைப்புப் பக்கத்தைத் திறந்தவளுக்குச் சுருக்கென்றது. கார்டு காட்டியவரின் கணக்கிலிருந்து மெஷின் தானாக வெளியேறும் நேரம், இரண்டு நிமிடம். மற்ற எல்லா அலுவலகத்திலும் பதினைந்து விநாடி, கம்பெனி விதி அது. இரண்டு நிமிடம் யார் வைத்தது… யார் வைத்தது என்று யாரைக் கேட்கிறாய், நீதானே. மெஷினை இங்கே கொண்டுவந்து இறக்கிய நாள், எல்லோருடைய கார்டையும் ஒவ்வொன்றாகப் பதிந்து முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது, தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட ஒரே ஆள் அந்த அக்கா. விரல்கள் விறைத்துப்போனவர். கார்டைக் காட்டிவிட்டு, கோப்பின் முடிச்சை அவிழ்த்துத் தாளை எடுப்பதற்குள் மெஷின் அவரை வெளியே தள்ளிவிடும், மறுபடி கார்டு, மறுபடி முடிச்சு, பின்னால் வரிசையில் நிற்பவர்களின் பெருமூச்சு. பாவமாக இருந்தது, மாற்றினாள், யாரிடமும் சொல்லவில்லை, படிவத்திலும் எழுதவில்லை. வேலை முடிந்ததும் ‘வெளியேறு’ பொத்தானை அழுத்துங்கள் என்று மெஷின் மேலேயே ஒட்டியிருக்கிறது, யார் அழுத்துகிறார்கள்? அழுத்தாமல் போனால் இரண்டு நிமிடம் கதவு திறந்து கிடக்கிற மாதிரிதான், அடுத்து வருகிறவர் எடுப்பதெல்லாம் முதல் ஆளின் கணக்கில்… கடவுளே, நல்லது நினைத்துச் செய்ததுதானே, அது அந்த அம்மாள் தலையிலேயே வந்து விடிய வேண்டுமா?

இன்னொரு பதிவு இருந்தது. யார் எப்போது கார்டைக் காட்டினார்கள் என்பது மட்டும் அதில் இருக்கும், மேலாளர் அதைப் பார்க்கவேயில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இரண்டு பதிவையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். வியாழக்கிழமை நான்கு பத்துக்கு அக்காவின் கார்டு, ஒரே தடவை. உடனே ஒரு பக்கம் காப்பி. ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்து முப்பது பிரதி, அதற்குத் தனியாகக் கார்டு காட்டியதாக இல்லை. மாடிப்படிக்குப் போய்த் தன் கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டாள். அவர் முழுக்கக் கேட்கவில்லை, அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம், கையெழுத்துப் போட்டுவிட்டு வா என்றார். “நீ மெஷின் பார்க்கப் போனியா, பஞ்சாயத்துப் பண்ணப் போனியா?” வீட்டுக்காரரும் இதையேதான் சொல்வார், ஊர் வம்பெல்லாம் உன் மூக்குக்கு மட்டும் எப்படி வாசம் அடிக்குது என்பார், சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் சொல்வார். சொல்லட்டும். முடியாது என்றால் முடியாது, எத்தனை பேர் சொன்னாலும் முடியாது. நான் திறந்துவிட்ட கதவு, அதில் இன்னொருத்தர் விரலை நசுக்கவிட்டு இரவில் எந்த முகத்தோடு கைகூப்புவது?

திரும்பி வந்து சோதனைக் கார்டைக் காட்டி ஒரு தாளைக் காப்பி எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். “சார், நீங்க ஒண்ணு எடுங்க. கார்டு வேண்டாம்.” அவர் எரிச்சலோடு பொத்தானை அழுத்தினார், தாள் வந்தது. பதிவை எடுத்து நீட்டினாள், இரண்டுமே சோதனைக் கார்டின் பெயரில்.

“இதை எடுத்தது நீங்களா, நானா?”

ஷூவின் தாளம் நின்றது. அப்படியானால் எடுத்தது யார் என்று அவர் கேட்க, மெஷினுக்கு ஆளைத் தெரியாது சார், கார்டைத்தான் தெரியும் என்றாள். இரண்டு நிமிடம் யார் கொடுத்தது என்று அடுத்த கேள்வி. அவ்வளவுதானா வேலை, போனால் போகட்டும், கையில் தொழில் இருக்கிறது.

“நான்தான் சார். அதையும் எழுதித் தர்றேன்.”

உங்க கம்பெனிக்கு இன்றைக்கே கடிதம் போகும் என்றார். தாராளமாக அனுப்புங்க என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். படிவத்தை எடுத்து எழுதினாள், ரீடர் சரி, அவகாசம் இரண்டு நிமிடம், வைத்தது நான், ஒரு கார்டில் இரண்டு வேலை, இரண்டாவதைச் செய்தவர் யார் என்று இந்தப் பதிவை வைத்துச் சொல்ல முடியாது. அவகாசத்தைப் பதினைந்து விநாடிக்குக் குறைத்தாள். முடிச்சை முதலில் அவிழ்த்துவிட்டுக் கார்டைக் காட்டுங்கள் என்று அக்காவிடம் சொல்லிக்கொடுக்கலாம், இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, ஏன் தோன்றவில்லை…

கோப்பறையில் அக்கா படிவத்தின் பிரதியை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். உனக்கு வேலை போயிடுமா என்று கேட்டார், தெரியலக்கா என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். அந்த முப்பது பேரில் ஒன்பது பேருக்கு வேறு இடம் கிடைத்துவிட்டதாம், காவலாளி கூட ஒரு பள்ளிக்கூடத்தில் சேரப்போகிறாராம், விரல் விட்டு எண்ணியபடி ஒவ்வொருவராகச் சொன்னார். குழந்தைக்குக் காய்ச்சல் குறைந்ததைச் சொல்லும்போது வருமே, அப்படி ஒரு நிம்மதி குரலில்.

“முன்னாடியே தெரிஞ்சதால தப்பிச்சாங்கம்மா. இல்லேன்னா மாசக் கடைசியில திடுதிப்புனு தெருவுலதான நின்னிருப்பாங்க.”

மெக்கானிக் அந்த விறைத்த விரல்களைப் பார்த்தாள். காலையிலிருந்து ரீடரைக் கேட்டாயிற்று, ஒயரைக் கேட்டாயிற்று, இரண்டு பதிவுகளையும் மேலாளரையும் கேட்டாயிற்று, இவரை மட்டும், நீங்கள்தான் எடுத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே… ஏன் கேட்கவில்லை? எழுதியதில் பொய் இல்லை, ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை, மாற்றவும் மாட்டாள். கேட்கலாம், இப்போதுகூடக் கேட்கலாம்… கேட்டால் அக்கா பொய் சொல்லமாட்டார்.

“வர்றேன்க்கா” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.