நாற்காலியில் விட்டுவந்த குடை

முப்பத்துநான்கு தாள்களிலும் எல்லாக் கேள்விக்கும் ஏழு. 'இந்த விளையாட்டு எனக்குப் பிடித்திருந்தது' என்பதற்கு ஏழு. 'எனக்குச் சலிப்பாக இருந்தது' என்பதற்கும் ஏழு. ஒன்று என்றால் துளியும் இல்லை, ஏழு என்றால் முழுக்க உண்மை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள் லங்கிமைனாதான்.

"சலிப்புக்கும் ஏழா?" என்று வகுப்புத் தலைவி நூசிலாவிடம் கேட்டாள்.

"நீங்க கொடுத்த தாளாச்சே டீச்சர். குறைச்சுப் போட்டா மரியாதையா இருக்குமா?"

சமோவா நாட்டுச் சவாயித் தீவின் அந்தப் பள்ளியில் லங்கிமைனா உடற்கல்வி ஆசிரியை. பத்தாம் வகுப்பின் வியாழக்கிழமைக் கடைசிப் பாடவேளையைக் கணக்குக்கு மாற்றப்போவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். "மார்க்குக்காகவும் இல்ல, உங்களுக்குப் பயந்தும் இல்ல, அவங்களே ஆசைப்பட்டுத்தான் ஆடுறாங்கன்னு காட்டுங்க. விட்டுடறேன். மாசக் கடைசி வரைக்கும்தான்."

கேள்வித்தாள் பொய்த்தால் செய்வதற்கு உடற்கல்விக் கையேட்டில் இன்னொரு வழி இருந்தது. பந்தையும் மட்டையையும் போட்டுவிட்டு, இஷ்டப்படி இருங்கள் என்று ஆசிரியர் விலகிவிட வேண்டும். எட்டு நிமிடம், எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று இருவர் மறைந்திருந்து தனித்தனியாக எண்ண வேண்டும். இரண்டாவது ஆளாகக் கணக்கு ஆசிரியர் ஃபெரெட்டியையே கூப்பிட்டாள். அப்போதுதான் யாரும் குறை சொல்ல முடியாது.

"அந்தப் பாடவேளை எனக்குத்தான் வரப்போகுது, என்னையே எண்ணச் சொல்றியே," என்றான் ஃபெரெட்டி. "நல்ல ஆளு நீ."

நூலகத்துச் சன்னல் வழியே பார்த்தார்கள். பிள்ளைகள் சற்றுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எழுந்து மைதானத்துக் குப்பையைப் பொறுக்கினார்கள். உதிர்ந்த பலா இலைகளைக் கூட்டிக் குவித்தார்கள். எட்டு நிமிடமும் பூச்சியம்.

ஃபெரெட்டி சிரித்தான். "நீ எங்க போன, லங்கி? உன் குடை அங்க உக்காந்திருக்கே."

நாற்காலியில் அவளுடைய வெயில் குடை. பக்கத்தில் பை. சிறுவயதில் அப்பாவின் தொப்பி பாயில் கிடந்தாலே அவரே இருப்பதுபோல் அதன் முன்னால் குனிந்து நடந்தவள் அவள். அது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மாதத்தின் கடைசி வியாழன். குடை, பை, நாற்காலி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் பார்க்கத் துறைமுகப் பேருந்தில் ஏறி, வளைவில் இறங்கி, தேவாலயத்தின் பின்புறமாக, ஃபெரெட்டி காத்திருந்த நூலகத்துக்கு வந்தாள். நாற்காலியோடு பேருந்தில் ஏறியவளை ஓட்டுநர் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் நிமிடத்தில் மட்டை எழுந்தது. மூன்று வாரமாக அவள் சொல்லிக்கொடுத்த கைப்பந்தை ஒருவரும் தொடவில்லை. தீவின் பாட்டும் ஆட்டமும் கலந்த கிரிக்கெட்டான கிலிகிட்டி ஆடினார்கள். இருபத்தோரு பேர் மைதானத்தில். ஒன்பது பேர் எல்லைக்கோட்டில் நின்று, நூசிலா விசிலடிக்க, கைதட்டிப் பாடி ஆடினார்கள். நான்கு பேர் மர நிழலில் தூங்கினார்கள்.

படிவத்தில் இரண்டே கட்டம்: ஆடுகிறார், ஆடவில்லை. ஃபெரெட்டியின் பேனா அந்த ஒன்பது பேரிடம் நின்றது. லங்கிமைனா தன் தாளை மறைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பாட ஆளில்லாம எங்க ஊர்ல ஒருத்தனும் மட்டையத் தொடமாட்டான்," என்று முனகிவிட்டு முப்பது என்று எழுதினான். அவள் தாளிலும் முப்பது.

தலைமையாசிரியை அவளுடைய அறிக்கையை இருமுறை படித்தார். "கைப்பந்து பூச்சியம்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"நீங்க இல்லாதப்பதான் ஆடுறாங்கன்னும் எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க. என் குடை இருந்தப்போ பூச்சியம், இல்லாதப்போ முப்பது."

"நீங்க இருக்கறப்பவும் ஆடணும். அடுத்த பருவமும் அந்தப் பாடவேளைய நீங்களே வெச்சுக்கங்க," என்று கையெழுத்திட்டார். "தூங்கின நாலு பேரு யாரு?"

"பெயர் எழுதக் கூடாதுன்னு கையேட்டுல இருக்குங்க," என்றாள் லங்கிமைனா.

அடுத்த வியாழன் அவள் மைதானத்துக்கு நாற்காலி கொண்டுபோகவில்லை. குடையை நூலகத்தில் மாட்டிவிட்டு, வெயிலில், எல்லைக்கோட்டில் நின்ற ஒன்பது பேருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.  முதல் பாட்டை நூசிலா மட்டும் பாடினாள். இரண்டாம் பாட்டுக்கு லங்கிமைனா கைதட்டத் தொடங்கினாள்.