கெஷே ஹார்யஸுக்கு வந்த ஆறு உறைகள்

நான் முப்பத்தோரு வருடம் ஜெர்மனியில் பிராகெ என்ற ஊரில் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவள். பழைய அஞ்சல் உறைகளை அதைவிட அதிக காலமாகச் சேர்த்து வருகிறேன். பிரெமன் துறைமுகத்துக்கும் நியூயார்க்குக்கும் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது 1847-இல். அதற்கடுத்த இருபது வருடத்தில் இரண்டு கரைகளுக்கும் இடையே போய்வந்த உறைகள் மட்டுமே எனக்கு வேண்டும். எந்தக் கப்பல், எந்த வழி, எத்தனை நாள் பயணம் என்று முத்திரைகளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உள்ளே யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்பதில் எனக்கு அக்கறை இருந்ததில்லை.

போன மார்ச்சில் ஓல்டன்பர்க் கண்காட்சியில் என் தொகுப்புக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. மறுநாள் மதியம், தடித்த மேல்கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் என் உறைகளை மாட்டியிருந்த மூன்றாவது சட்டத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு சட்டத்துக் கண்ணாடியில் படும்படி குனிந்து பார்த்தார்.

"இந்த ஆறும் உங்களோடதாங்க?"

"ஆமாங்க. அயோவாவிலேருந்து வந்தது. இந்த முத்திரையைப் பாருங்க, 'அமெரிக்கா, பிரெமன் வழி'ன்னு இருக்கு. இவ்வளவு சுத்தமா விழுந்தது அபூர்வம்."

"முத்திரை கிடக்கட்டும். விதவை கெஷே ஹார்யஸ்னு போட்டிருக்கே, அவங்க எங்க தாத்தாவோட பாட்டி. நான் மெய்னர்ட் ஹார்யஸ். மாட்டுப் பண்ணை வெச்சிருக்கேன்."

அவர் சொன்ன கதை இது. கெஷேவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் ஹின்ரிஷ் அமெரிக்கா போனான், பெற்றவளை மறந்தான், அதனால் பண்ணை முழுவதும் இளையவன் டீட்ரிஷுக்கு வந்தது. வீட்டில் எல்லாரும் சொல்லி வந்தது இப்படித்தான். ஆனால் ஜனவரியில் அயோவாவிலிருந்து ஹின்ரிஷ் வழி வந்த ஒரு பெண் எழுதியிருக்கிறாள். அவர்கள் வீட்டில் வேறு மாதிரிச் சொல்கிறார்களாம்: ஹின்ரிஷ் தாயைத் தன்னோடு வந்துவிடும்படி திரும்பத் திரும்ப எழுதினான், அவளுக்குப் படிக்கத் தெரியாது, அந்தக் கடிதங்களை அவளுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

"அது பொய்யுன்னு அவளுக்கு நான் காட்டணும்," என்றார். "உள்ள இருந்த கடிதமெல்லாம் எங்கே?"

"நான் வாங்கும்போதே உறை காலியாத்தாங்க இருந்துச்சு," என்றேன்.

அது பொய். 1999-இல் ஒரு வியாபாரியிடம் வாங்கியபோது ஆறிலும் கடிதம் இருந்தது. அதிலும் கடைசி இரண்டு உறைகள் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தன. உள்ளே தடித்த தாள் இருந்தால் உறை காட்சி அட்டையில் சமமாகப் படியாது. ஆகவே அந்த இரண்டையும் நானே கத்தியால் பிரித்தேன். தேதியை மட்டும் பார்த்துவிட்டு எல்லாத் தாளையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டேன். 2011-இல் வீடு மாறியபோது அந்தப் பெட்டி பழைய காகிதத்தோடு போய்விட்டது. போனது தெரிந்தும் நான் வருத்தப்படவில்லை, இடம் மிச்சம் என்றுதான் நினைத்தேன். இதை அந்தக் கூடத்தில், என்னைப் போல உறை சேர்ப்பவர்கள் பத்துப் பேர் காதுபட, எப்படிச் சொல்வது?

மெய்னர்ட் முகம் கறுத்துப்போனது. "அப்போ எங்க அண்ணன் வேலைதான். பரண்ல கிடந்ததை வித்தவன் அவன். தாளையெல்லாம் அடுப்புல போட்டுட்டு உறையை மட்டும் வித்திருக்கான்." நான் சட்டத்தின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன். அவர் விறுவிறுவென்று போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"கெரோல்ட் ஹார்யஸ் பேசறேன். மெய்னர்ட்டோட அண்ணன். முதியோர் இல்லத்துல இருக்கேன். கால்தான் போச்சு, காது நல்லாக் கேக்கும், அதனால மெதுவாவே பேசலாம். நான் வித்தப்போ கடிதம் எல்லாம் உள்ளயே இருந்துச்சு. ரெண்டு உறை பிரிக்காமயே இருந்துச்சு, அதைப் பாத்துட்டு வியாபாரி வாயைப் பொளந்தான். இப்போ பொய் சொல்றது அவனா, நீங்களா?"

"அது வந்து..." என்று இழுத்தேன்.

"சரி, நீங்கதான்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "என் தம்பி என்னைத் திருடன்னு ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியறான். அதைத் தாங்கிக்குவேன். ஞாயித்துக்கிழமை வர்றதை நிறுத்திட்டான். என்னைப் பாக்க வேற ஆளே வர்றதில்லைங்க."

மறுநாள் காலை பண்ணைக்குக் கிளம்பினேன். வழியில் இரண்டு முறை வண்டியை ஓரங்கட்டினேன். மெய்னர்ட் என்னைச் சமையலறையில் உட்காரவைத்து, கோப்பையில் கற்கண்டு போட்டுத் தேநீர் ஊற்றினார். அதைக் குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன், பிரிக்காத இரண்டைத் தவிர.

"ஒரு வரிகூடப் படிக்கலையா?"

"படிக்கலைங்க. அந்தக் காலத்துக் கையெழுத்து எனக்கு அப்போ தெரியாது."

"அம்மா எப்படி இருக்காங்கன்னாவது கேட்டிருந்தானா?"

ஹின்ரிஷ் கேட்டிருந்தான் என்று சொன்னால் மெய்னர்ட்டுக்கு ஆறுதலாக இருக்குமா, வேதனையாக இருக்குமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. என்ன சொன்னாலும் நம்பியிருப்பார்.

"தெரியாதுங்க," என்றேன். "ஒண்ணு மட்டும் தெரியும். கடைசி ரெண்டும் பிரிக்காமலே இருந்துச்சு. நான்தான் பிரிச்சேன்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அந்தம்மா செத்த பிறகு வந்திருக்கும்."

"ஒண்ணு ஆயிரத்தெண்ணூத்து அறுபத்திரண்டுல வந்தது. இன்னொண்ணு அறுபத்துமூணு. இந்த ஊர் அஞ்சலகத்து முத்திரையும் பின்னால இருக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செத்தது அறுபத்தொம்பதுல. கல்லறையில வெட்டியிருக்கு," என்றார். "ஆறேழு வருஷம் அதே வீட்டுல, அந்தம்மா தலைக்கு மேல பரண்ல கிடந்திருக்கு." என் பக்கம் திரும்பி, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா எங்க அண்ணனை நான் அப்படிப் பேசியிருப்பேனா?"

"மாட்டீங்க."

"கிளம்புங்க."

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தார். "இருங்க. கோட்டை மாட்டிட்டு வர்றேன். அவன்கிட்ட நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

கெரோல்ட் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தாளை மடிக்கவில்லை. பிறகு தம்பியைப் பார்த்தார்.

"நாலு ஞாயித்துக்கிழமைடா. மாட்டைத் தவிர எதையும் நம்ப மாட்டே. இந்தப் பொம்பளை சொன்னதை மட்டும் உடனே நம்பிட்டே."

"தப்புதாண்ணே."

"தப்புதான். உக்காரு. அமெரிக்காக்காரிக்கு எழுதிட்டியா?"

"எழுதல. எழுதவும் போறதில்ல. நம்ம கொள்ளுத்தாத்தன் டீட்ரிஷ் பெத்த தாய்க்கே இப்படிச் செஞ்சான்னு நானே எழுதணுமா? அவளுக்கு ஒண்ணும் தெரியாம இருக்கட்டும்."

"வந்த கடிதத்தைக் கண்டுக்காம விடறது," என்றார் கெரோல்ட். "அவன் செஞ்சதும் அதுதானேடா?"

மெய்னர்ட்டின் கழுத்து சிவந்தது. அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாதியிடம் ஒரு தாள் கேட்டார். வந்ததும் அதை என் பக்கம் தள்ளினார்.

"முதல்ல நீங்க எழுதுங்க. பிரிக்காம இருந்ததையும் எழுதுங்க, குப்பையில போட்டதையும் எழுதுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு உறைகளையும் அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெய்னர்ட் அவற்றை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவை என் தாளோடு அயோவா போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து பதில் வந்ததைக் கெரோல்ட்தான் தொலைபேசியில் சொன்னார். அந்தப் பெண் நாலு பக்கம் எழுதியிருக்கிறாளாம். மெய்னர்ட் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாராம். படித்துக் காட்டச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும் என்கிறாராம்.

அந்த அட்டைப்பெட்டியில் போனவை ஆறு கடிதங்கள் மட்டுமல்ல. என் பட்டியலை எடுத்து எண்ணினேன், அறுபத்துமூன்று. பெயரும் ஊரும் உறைகளில் இருக்கின்றன. இதுவரை பதினோரு குடும்பத்தைத் தேடிப்பிடித்து எழுதியிருக்கிறேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒருவர் உறையைக் கேட்டார், அனுப்பினேன். ஒருவர் திட்டியிருந்தார். மூன்றாமவர் லேயர் ஊர்ப் பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தக் கடிதத்தைப் பற்றி எதுவும் தெரியாது, தெரியாமலே இருந்திருக்கலாம், ஏன் எழுதினீர்கள் என்று கேட்டிருந்தார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. அவர் கடிதம் இன்னும் மேசைமேல் இருக்கிறது.