விழுந்த பல்லும் சொத்தைப் பல்லும்

அந்த மனிதருக்கு நாங்கள் வைத்த பெயர் முத்திரை. கல்லூரியில் யார் எதை எழுதினாலும் அட்டையில் அவர் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத் துறைக்கு அவர் தலைவர். நான் அவருக்குக் கீழே விரிவுரையாளர்.

சொத்தைப் பல் கணக்கெடுக்க, நாலாயிரம் பள்ளிப் பிள்ளைகளின் வாயை ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் டார்ச்சுமாகக் குனிந்து குனிந்து பார்த்தவள் நான். என் இடுப்பைக் கேட்டால் சொல்லும். எழுதி முடித்த அறிக்கையை, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். மூன்றே மாதத்தில் அது அவருடைய புத்தகமாக வந்தது. நன்றிப் பக்கத்தில் அச்சகத்துக்காரர்கூட இருந்தார், நான் இல்லை. பாவி மனுஷன்.

வயிறு எரிந்தது. வீட்டுக்காரர் விட்டுத்தள்ளச் சொன்னார். விடுவேனா? ஆறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். நோயாளிகளிடம் அதைச் செய்யவே கூடாது என்று சொல்கிறவள் நான்.

இதற்கிடையில், பல்லைக் கெடுக்காத சமையல் என்று டி.வி.யில் ஒருநாள் சூப் வைத்துக் காட்டப் போனேன். அது சனிக்கிழமைதோறும் நேரலையாகி, தெருவில் போனால் சூப் டாக்டர் என்று கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டது. முத்திரைக்கு அப்போது அரசுக் குழு ஒன்றின் தலைவர் பதவி மேல் கண். நாலு பேருக்கு முகம் காட்ட வேண்டும். நிகழ்ச்சிக்கு வரட்டுமா என்று அவரே போன் செய்தார். குரலில் தேன் ஒழுக வரச் சொன்னேன்.

அந்தப் புத்தகத்தில் ஒரு தப்பு இருந்தது. நான் செய்ததுதான். ஆறேழு வயதில் பால்பல் தானாக விழும். அப்படி விழுந்த இடத்தையும் சொத்தையால் போன பல் என்று எண்ணிவிட்டேன். திருத்த உட்கார்ந்த அன்றுதான் அவர் வாங்கிப் போனார். அவரும் படிக்கவில்லை, பாராட்டியவர்களும் படிக்கவில்லை. நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தேன்.

சனிக்கிழமை அவருக்கு ஏப்ரன் கட்டிவிட்டு, பூசணிக்காய்த் துண்டையும் கத்தியையும் கையில் கொடுத்தேன். கேமராவைப் பார்த்து முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார்.

"சார், ஏழு வயசுப் பிள்ளைக்கு முன்பல் இல்லன்னா அது சொத்தையில போனதா?"

"என்னம்மா, முதல் வருஷப் பாடத்தைக் கேக்கறீங்க? பால்பல் தானா விழும்."

"அப்போ உங்க புத்தகத்துல அதை ஏன் சொத்தைன்னு எண்ணினீங்க?"

அடையாளம் வைத்திருந்த பக்கத்தை நறுக்குப் பலகையின் பக்கத்தில் விரித்தேன். கேமரா கிட்டே வந்தது. குனிந்து படித்தார். அநேகமாக அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் வியர்த்தது, அடுப்பை இன்னும் பற்றவைக்கவே இல்லை. விளம்பரத்துக்குப் போகச் சொல்லி டைரக்டர் என் காதில் கத்தினார். காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கி என் ஏப்ரன் பையில் போட்டேன்.

"இது நான் எண்ணினது இல்லீங்க," என்றார், பார்க்கிறவர்களிடம். "ஒவ்வொரு வாயையும் பாத்தது இவங்க. கணக்கு எடுத்தது, எழுதினது எல்லாமே இவங்கதான். நான் ஒண்ணுமே பண்ணல."

"ஆமாங்க," என்றேன். "தப்பு என்னோடதுதான்."

என் வாழ்நாளில் ஒரு தப்பை இவ்வளவு சந்தோஷமாக நான் ஒப்புக்கொண்டதில்லை.