படிக்கட்டில் விழத் தெரிந்தவன்

மேடைக்குக் கீழே பியானோ வாசிக்கும் ஈனிட் கார்சைடுக்கு, அரங்கில் யார் சிரிக்கிறார்கள், யார் தூங்கி வழிகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். மழை பெய்தால்தான் கடற்கரை ஊரான தார்ன்ஸீயில் நாடகக் கொட்டகைக்குக் கூட்டம் வரும். வெயிலடித்தால் ஊரே மணலில் கிடக்கும். அந்தக் கோடை முழுக்க வெயில். அவளுடைய கணவன் வில்ஃப், காலி நாற்காலிகளைப் பார்த்து நகைச்சுவை சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வரிசையில் ஓர் ஆள் தினமும் வந்து உட்கார ஆரம்பித்தான். அவன் சிரிக்கவில்லை, தூங்கவும் இல்லை. வில்ஃப் நன்றாகச் செய்தபோதெல்லாம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வில்ஃப் வரியை மறந்து, இருமி, காதைத் தடவிக்கொண்டு நின்றபோது மட்டும் முன்னால் குனிந்தான். அதைக் கண்ட நாளிலிருந்து ஈனிட் வாசித்துக்கொண்டே அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

"லண்டன் ஆளு. ஷூவைப் பாத்தியா?" என்றான் வில்ஃப், முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டே. "டெலிவிஷன்காரனா இருப்பான்."

"ஒரு தடவகூட சிரிக்கல வில்ஃப்."

"அவனுங்க சிரிக்க மாட்டானுங்கடி. சிரிச்சா கூலி ஏத்திக் கேப்போமில்ல?"

ஆகஸ்டில் அந்த ஆள் ஒப்பனை அறைக்கே வந்துவிட்டான். கிட்டத்தில் பார்த்ததும் ஈனிடுக்கு அடையாளம் தெரிந்தது. ஊரெல்லாம் சினிமாச் சுவரொட்டியில் இருக்கும் முகம், அலெக் டிரேகாட். கோடைக் காட்சிகள் முடிந்ததும் இதே கொட்டகையில் ஒரு படம் எடுக்கப்போகிறார்களாம். மேடைக் கோமாளி ஒருவனின் கதை. நடை, பேச்சு எல்லாம் வில்ஃப்தான் சொல்லித்தர வேண்டும் என்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டான். வில்ஃப் அன்று மதுக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் பீர் வாங்கிக் கொடுத்தான்.

ஒரு வாரம் கழித்து, கடற்கரைத் தேநீர்க் கடையில் டிரேகாட்டும் ஈனிடும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வில்ஃப் சிகரெட் வாங்கப் போயிருந்தான்.

"கதையில அந்த ஆளு கடைசியில நல்லா வந்துடுவானா?" என்று ஈனிட் கேட்டாள்.

டிரேகாட் சர்க்கரையைக் கலக்கினான். "இல்லீங்க மிசஸ் கார்சைட். செத்துடுவான். வயசான காலத்துல தன்னோட பழைய வித்தைய இன்னொரு தடவ செஞ்சு பாப்பான். படிக்கட்டுல உருண்டு விழற வித்தை. குடிகாரப் பட்லர்."

"அது வில்ஃபோடது."

"ஆமாங்க, அவர்தான் சொன்னாரு. ரொம்ப அழகா சொன்னாரு."

அந்த வித்தையில்தான் வில்ஃப் இளவயதில் பெயர் வாங்கினான். கையில் தட்டு, தட்டில் கோப்பைகள்; மாடியிலிருந்து கீழ்வரை உருண்டு வந்து, கடைசிக் கோப்பை உடையாமல் எழுந்து நிற்பான். தலைச்சுற்றல் வந்த பிறகு விட்டுவிட்டான். போன குளிர்காலத்தில் காலையில் எழும்போதெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்தபடி அவன் நிற்பதை அவள் பார்த்தாள். குனிந்து செருப்பு மாட்டும்போதுகூட ஜாக்கிரதை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டாள். "அவன் உன்னைத்தான் படமா எடுக்கிறான். நீ தடுமாறுறதத்தான் வந்து பாத்துட்டுப் போனான். புரியுதா?"

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" வில்ஃப் உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே சொன்னான். "இத்தன வருஷத்துல என்னை இவ்ளோ கவனமா பாத்த ஒரே ஆளு அவன்தான் ஈனிட். நீகூட பியானோவத்தான் பாப்ப."

அவள் சீவிய கிழங்குகளை எடுத்துப் பானையில் போட்டாள்.

செப்டம்பரில் விளக்குகளும் கம்பிவடங்களும் லாரிகளில் வந்து இறங்கின. கொட்டகையை நிரப்ப ஊர்ஜனங்களையே கூட்டி உட்கார வைத்தார்கள்; பியானோவுக்கு ஈனிடையே வைத்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கக் கூடாது என்று இயக்குநர் எமரி ஒலிபெருக்கியில் சொன்னார். மேடையில் டிரேகாட் வந்து நின்றான். இருமினான், காதைத் தடவினான். மீன்கடைக்காரி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "ஐயோ, அப்படியே நம்ம வில்ஃப்" என்று கிசுகிசுத்தாள். மேடை ஓரத்தில் நின்றிருந்த வில்ஃபின் முகத்தை ஈனிட் பியானோவிலிருந்து பார்த்தாள். அவன் உதடுகள் டிரேகாட்டோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன.

படிக்கட்டுக் காட்சி மட்டும் டிரேகாட்டுக்கு வரவில்லை. விழும்போது தன்னையறியாமல் கையை ஊன்றினான். மணிக்கட்டு வீங்கிவிட்டது. எமரி வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டார். யாரும் கேட்காமலே வில்ஃப் முன்னால் வந்தான்.

"முதுகுப் பக்கமா எடுத்தா நான்னு தெரியாது சார். நான் விழறேன்."

ஈனிட் பியானோவின் மூடியைச் சாத்தினாள். "நான் வாசிக்க மாட்டேன்."

வில்ஃப் உடுப்பு மாற்றிக்கொண்டு அவளருகில் வந்து குனிந்தான். பட்லர் உடுப்பு அவனுக்குக் கச்சிதமாக இருந்தது. "நீ வாசிச்சாத்தான் எப்ப எந்தப் படின்னு எனக்குத் தெரியும். வாசிக்கலன்னாலும் நான் விழுவேன். ஆனா தப்பா விழுவேன்."

"உனக்குத் தலை சுத்தும் வில்ஃப்."

"குடிகாரன்தானே? பொருத்தமா இருக்கும்."

அவள் மூடியைத் திறந்தாள்.

அவன் விழுந்தான். ஒவ்வொரு படிக்கும் உடம்பு பந்துபோல் சுருண்டு விரிந்தது. தட்டு தலைக்குமேல் மிதந்து வந்தது. கீழே வந்து அவன் அசையாமல் கிடந்தபோது, கடைசிக் கோப்பை அவன் மார்பின்மேல் முழுசாக உட்கார்ந்திருந்தது. கொட்டகை மொத்தமும் எழுந்து கைதட்டியது. விளக்குக்காரர்கள்கூடத் தட்டினார்கள். வில்ஃப் எழுந்து குனிந்து வணங்கினான். முகம் வெளுத்து, நெற்றி நனைந்திருந்தது. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக அவனை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"பிரமாதம்," என்றார் எமரி. "ஆனா கைதட்டி சத்தத்தக் கெடுத்துட்டாங்க. செத்துப்போறவனுக்கு யாரு கைதட்டுவா? இன்னொரு தடவ போகலாம். இந்தத் தடவ தட்டுறவங்க வெளிய போயிரணும்."

"நேரா வீட்டுக்குப் போகலாம், வா," என்றாள் ஈனிட். வில்ஃப் ஏற்கெனவே படியேறிக்கொண்டிருந்தான். கைப்பிடியைப் பிடித்து ஏறினான்.

மேலே போய் அவன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கணம் கூடுதலாக நின்றான். அவள் அதே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி அவனுக்காகக் காத்திருந்தாள். பிறகு அவன் வந்தான். பாதி வரை சரியாகத்தான் வந்தான். அதற்குக் கீழே உடம்பு சுருளவில்லை, மூட்டை உருள்வதுபோல் வந்தது. கோப்பைகள் சிதறின. கீழே வந்து கிடந்தான்.

யாரும் தட்டவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. எமரி வாயைப் பிளந்து, கையை உயர்த்தி, யாரும் அசையாதீர்கள் என்று சைகை காட்டினார். எப்பேர்ப்பட்ட நடிப்பு என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

ஈனிட் எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது. "நிறுத்துங்க," என்றாள். "அவன் நடிக்கல."

அவன் சாகவில்லை. மூளையில் ரத்தம் கசிந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதி போய்விட்டது. டிரேகாட் திராட்சை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்து, கட்டிலருகில் உட்கார்ந்து அழுதான். அப்புறம் வேறு படத்துக்கு இத்தாலி போய்விட்டான். முதலில் எடுத்ததையே வைக்கச் சொல்லி ஈனிட் எமரியிடம் மன்றாடினாள். அவர் தரையைப் பார்த்தபடி, படக் கம்பெனிதான் முடிவு செய்யும் என்றார்.

அடுத்த வருடம் படம் தார்ன்ஸீக்கு வந்தது. வேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அவன் இடது கையால் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். மதியக் காட்சிக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய், நடைபாதை ஓரம் நிறுத்தினாள். சினிமாக் கொட்டகை நிறைந்திருந்தது.

அந்த இடம் வந்ததும் அவள் திரையைப் பார்க்கவில்லை. தான் வாசித்த பியானோவைக் கேட்டாள். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்தது. கோப்பைகள் உடைந்தன. பின்வரிசையில் யாரோ ஒரு பெண் விசும்பினாள். ஈனிட் வில்ஃபின் கையைப் பிடித்திருந்தாள்.

அவன் கோணிய வாயைத் திறந்து சொற்களைத் தேடினான். அவள் காதைக் கொண்டுபோனாள்.

"மொ... மொத தடவ," என்றான், "நல்லா விழுந்தேன்."

"ஆமா," என்றாள் ஈனிட். "ரொம்ப நல்லா விழுந்த."

விளக்குகள் போடுவதற்குள் நாற்காலியைத் திருப்பி வெளியே தள்ளிக்கொண்டு போனாள்.