துவைப்பது சனிக்கிழமை மட்டும்

அந்த வாரம் இன்ஷிராஹ் வீட்டில் தண்ணீர் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துபோனது. மொட்டைமாடிக்கு ஏறிப் போய் இரண்டு தொட்டிகளையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். இரண்டும் வெறும் தகரமாக ஒலித்தன. இனிமேல் சனிக்கிழமைதான். லுவைப்தா குன்றில் அவர்கள் தெருவுக்கு வாரத்தில் ஒரு நாள் குழாய் திறப்பார்கள். அன்றைக்கு மேலே ஏற்றிக்கொண்டதை வைத்துத்தான் ஏழு நாளையும் ஓட்ட வேண்டும். அம்மான் நகரத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். ஆனால் எல்லார் வீட்டிலும் ஹிக்மத் இல்லை.

ஹிக்மத் அவள் கணவர். அகபாவுக்குப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சாப்பாட்டிலிருந்து மற்ற எல்லாமே படுக்கையில்தான். முதுகின் அடியில் ஒரு புண் வந்திருந்தது. கட்டுப் போட வந்த தாதி போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "உம்மு தலால், மருந்து அப்புறம். விரிப்பு ஈரமா இருக்கக் கூடாது. ஈரமா இருந்துச்சுன்னா புண்ணு எலும்பு வரைக்கும் போயிடும்."

உம்மு தலால் என்றால் தலாலின் அம்மா. அந்த மகன் தலால் குவைத்தில் இருந்தான். அவன் பாடே அவனுக்குப் பெரும் பாடு. அதனால் இன்ஷிராஹ் வீட்டின் இரண்டு அறைகளை வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு விட ஆரம்பித்திருந்தாள். கைபேசியில் அறையின் படத்தைப் போட்டால் ஆட்கள் வந்தார்கள். சமையலறை பொது, குளியலறை பொது, துவைக்கும் இயந்திரமும் பொது. "துணி துவைத்துக்கொள்ளலாம்" என்று விளம்பரத்தில் எழுதியது அவளேதான். அந்த ஒரு வரிக்காகத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

முதலில் வாயால் சொல்லிப் பார்த்தாள். பிறகு தாளில் எழுதி இயந்திரத்தின் மேல் ஒட்டினாள்: துவைப்பது சனிக்கிழமை மட்டும். ஆளுக்கு ஒரு தடவை. பாதி நிரம்பிய இயந்திரத்தை ஓட்டக் கூடாது. அதன் பிறகும் தொட்டியில் தண்ணீர் இறங்கியது. இயந்திரத்துக்குப் போகும் குழாயின் திருகுபிடியைக் கழற்றி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டே நடமாடினாள். அப்போதும் இறங்கியது.

அப்போது வீட்டில் இரண்டு அறைகளிலும் ஆள் இருந்தார்கள். ஒன்றில் லினேயா என்ற ஸ்வீடன் நாட்டு மாணவி. அரபி படிக்க வந்தவள். வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் மாதிரி இலக்கணமாகப் பேசுவாள். இன்னொன்றில் தகியா என்ற யெமன்காரியும் அவள் மகள் ஷதாவும். மகளுக்குக் கண் பார்க்க வந்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். அந்தப் பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். வந்தாலும் சித்திரை மாத வெயில் மாதிரி கொளுத்தும் நாளிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாது.

இன்ஷிராஹ் நேரே லினேயாவிடம் போனாள்.

"நீதானம்மா துவைக்கிற? உண்மையைச் சொல்லிடு. நான் திட்ட மாட்டேன்."

"அம்மையே, நான் இரண்டு வாரங்களாக எந்த ஆடையையும் துவைக்கவில்லை," என்றாள் லினேயா. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்துத் திறந்து காட்டினாள். வாசனையே சாட்சி சொன்னது. "தங்கள் விதியை நான் மதிக்கிறேன். ஆயினும் இது எனக்கு மிகுந்த துன்பம் தருகிறது."

"உனக்கு மட்டுமா," என்று முனகிக்கொண்டே இன்ஷிராஹ் திரும்பினாள்.

புதன்கிழமை காலை, தகியாவின் அறைக் கதவு முழுதாகச் சாத்தாமல் இருந்தது. உள்ளே ஜன்னலும் திரையும் மூடியிருந்தன. சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, முதல் நாள் துவைத்தும் இன்னும் காயாத விரிப்புகள் தொங்கின. சொட்டிய தண்ணீரைப் பிடிக்கக் கீழே சமையலறைத் தட்டுகளை வைத்திருந்தாள். தொப்பியில்லாமல் ஷதா கட்டிலில் படுத்திருந்தாள். தலையில் ஒரு முடி இல்லை. புருவமும் இல்லை. மடியில் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வந்தவளைப் பயத்தோடு பார்த்தாள்.

தகியா எழுந்து கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"கண் பார்க்க வந்தோம்னு சொன்னியே," என்றாள் இன்ஷிராஹ். "தினமும் குளியலறையில கையால துவைச்சிருக்க. அவரு விரிப்பெல்லாம் துவைக்காம கட்டிலுக்கு அடியில நாறிக் கெடக்கு. அந்த மனுஷன் முதுகு அழுகிக்கிட்டு இருக்கு. உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அவரு முனகுற சத்தம் கேக்கும்." தகியா தலை நிமிரவில்லை. "இவளுக்கு ரத்தத்துல புற்று, உம்மு தலால். மருந்து ஏத்தின அன்னைக்கெல்லாம் வாந்தி. உடம்புல எதிர்ப்பே இல்ல, ஒரு சின்னக் கிருமி போதும்னு டாக்டர் சொல்லிட்டாரு. தினமும் சுத்தமான விரிப்புல படுக்க வைக்கச் சொன்னாரு."

"அதை முதல் நாளே சொல்லியிருக்கணும்."

"முன்னாடி ரெண்டு வீட்டுல சொன்னேன். ஒரு வீட்டுல ஒட்டுவாரொட்டின்னு நெனச்சாங்க. இன்னொரு வீட்டுல, பிள்ளை இங்க செத்துட்டா அப்புறம் அறைக்கு யாரு வருவாங்கன்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டாங்க." தகியா இப்போதுதான் அவளைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா நீங்க எடம் குடுத்திருப்பீங்களா?"

இன்ஷிராஹ் கொடுத்திருக்க மாட்டாள். அது இருவருக்குமே தெரிந்தது. வெளியே வந்து தண்ணீர் லாரிக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்தாள். கோடையில் ஊரே லாரியைத்தான் நம்பியிருந்தது. ஒருவன் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் முடியாது என்றான். ஒருவன் எடுக்கவே இல்லை. மூன்றாமவன் சிரித்தான்: "அக்கா, எங்க வீட்டுக்கே தண்ணி இல்ல."

வியாழக்கிழமை நோயாளிகள் இருவரின் அறைகளிலிருந்தும் நாற்றம் கூடத்துக்கு வந்துவிட்டது. கடையில் வாங்கிய குடிநீர் ஜாடியில் துணியை நனைத்து இன்ஷிராஹ் ஹிக்மத்தைத் துடைத்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணோரத்தில் வழிந்ததை அவள் பார்க்காதது போல் இருந்தாள். அந்தப் பக்கத்து அறையில் பிள்ளை குமட்டுவதும், தாய் மெதுவாக ஏதோ சொல்லித் தேற்றுவதும் கேட்டுக்கொண்டே இருந்தன.

வெள்ளிக்கிழமை மதியம், ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குப் போன நேரம், இன்ஷிராஹ் தகியாவின் கதவைத் தட்டினாள். கையில் தோட்டத்துக் குழாய் இருந்தது.

"மேல வா. சத்தம் போடாம வா."

மாடியில் மேல்வீட்டு அபு நிஸாரின் தொட்டிகள் இரும்புச் சட்டத்தின் மேல் உயரமாக நின்றன. நான்கு தொட்டிகள். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். இன்ஷிராஹ் ஒரு மூடியைத் தூக்கிக் குழாயை உள்ளே விட்டாள். மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாள். துருவும் பாசியும் கலந்த தண்ணீர் தொண்டை வரை வந்து புரையேறியது. தகியா குழாயைப் பிடுங்கித் தங்கள் தொட்டிக்குள் செருகினாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் மாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் அடுத்தவர் பொருளில் கை வைத்திருக்கிறோம் என்று இன்ஷிராஹ் நினைத்தாள். நினைத்தாளே தவிர, குழாயை எடுக்கவில்லை.

மாடிக் கதவு திறந்தது. அபு நிஸாரின் மனைவி உம்மு நிஸார் ஒரு பெரிய தட்டு நிறைய முலூகிய்யாக் கீரையோடு நின்றாள், காய வைக்க.

அவள் பார்வை குழாய் போன வழியே போய்த் தொட்டியில் நின்றது.

"வந்து கேட்டிருக்கலாமே, இன்ஷிராஹ்," என்றாள் உம்மு நிஸார்.

"போன மாசம் கேட்டேன். உன் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினாரு. நீ பின்னாடிதான் நின்ன."

உம்மு நிஸார் வெள்ளைத் துணியை விரித்துக் கீரையைப் பரப்பினாள். இலைகளைத் திருப்பித் திருப்பி விரித்துக்கொண்டே, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள்: "தொழுகை முடியப் போகுது. அவரு நேரா வீட்டுக்குத்தான் வருவாரு."

கால் தொட்டி நிறையும் முன்பே குழாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். அன்று பிற்பகல் இரண்டு கட்டில்களுக்கும் சுத்தமான விரிப்பு கிடைத்தது. வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. ஷதா அதில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

மாலைத் தேநீர் நேரத்தில் அபு நிஸார் வந்தார். மாடித் தரையில் காய்ந்த ஈரத்தடம் தொட்டியிலிருந்து தொட்டிக்குப் போவதைப் பார்த்திருந்தார். உரத்துப் பேசவில்லை, அதுதான் இன்ஷிராவை உலுக்கியது.

"உம்மு தலால், ஹிக்மத் என் சிநேகிதன். அதுக்காக இத்தனை நாள் பொறுத்துக்கிட்டேன். அனுமதி இல்லாம வீட்டை விடுதியாக்கி வெச்சிருக்கீங்க. இப்ப தண்ணியையும் திருடுறீங்க. நாளைக்குக் காலையில அந்த யெமன்காரி இங்க இருக்கக் கூடாது. இருந்தா நான் போய் நகராட்சியில எழுதிக் குடுத்துடுவேன்."

"ஏன் அவ? ஸ்வீடன்காரியும்தான் இருக்கா."

"அவ திருடல," என்றார்.

திருடியது நான்தான் என்று சொல்ல இன்ஷிராவுக்கு நாக்கு எழவில்லை. புகார் போனால் இரண்டு அறைகளும் போய்விடும். அறைகள் போனால் மருந்து, தாதி, எல்லாம் போய்விடும். அவர் போன பிறகு தகியாவின் கதவருகில் நின்று, உள்ளே பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்கு வேற எடம் பாத்துக்கம்மா."

"சரி," என்றாள் தகியா. இதையெல்லாம் கேட்டுப் பழகியவள் மாதிரி பெட்டியை இறக்கினாள்.

சனிக்கிழமை விடிந்ததும் தெருவில் எல்லா வீட்டு மோட்டார்களும் ஒன்றாக உறுமின. தண்ணீர் வந்துவிட்டது. தகியா பெட்டிகளோடு கூடத்தில் வாடகைக் காருக்காக உட்கார்ந்திருந்தாள். ஷதா அவள் மடியில் தலை வைத்திருந்தாள். இன்ஷிராஹ் அவர்களைத் தாண்டிப் போய் ஹிக்மத்தைப் புரட்டினாள். கட்டு நனைந்து ஒட்டியிருந்தது. பிரித்தாள். புண் வாய் திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஒரு கையால் அவர் உடம்பைத் தாங்க முடியவில்லை, இன்னொரு கை துணிக்கு எட்டவில்லை.

"யா அல்லாஹ், யாராவது வாங்களேன்," என்றாள். யாரைக் கூப்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

தகியா வந்தாள். கையைக் கழுவினாள். ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில் கொடுத்து, மருத்துவமனைகளிலேயே வருஷத்தைக் கழித்தவளின் பழக்கத்தோடு அவரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். "நீங்க கட்டைப் போடுங்க. நான் விடமாட்டேன்," என்றாள். தாதி வந்தால்கூடக் கூசிக் கண்ணை மூடிக்கொள்ளும் ஹிக்மத், தன் நல்ல கையால் அவள் முக்காட்டின் ஓரத்தைப் பற்றிக்கொண்டார்.

வெளியே கார் ஹாரன் அடித்தது. திரும்ப அடித்தது. இன்ஷிராஹ் ஜன்னலைத் திறந்து, "வேண்டாம், போப்பா," என்று சொல்லி அனுப்பினாள்.

அதன் பிறகு படியேறிப் போய் அபு நிஸாரின் கதவைத் தட்டினாள்.

"திருடினது நான். குழாயை வாயில வெச்சு உறிஞ்சினதும் நான். அவ கூட நின்னா, அவ்வளவுதான். போய் எழுதிக் குடுங்க. அதிகாரி வரட்டும். ரெண்டு கட்டிலையும் காட்டுறேன்."

அவர் எழுதிக் கொடுத்தார். கோபத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுச் செய்யாமல் இருப்பவர் அல்ல அவர். ஒரு வாரத்தில் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். விளம்பரத்தை எடுக்க வேண்டியதாயிற்று. லினேயா வேறு வீடு போனாள். போகும்போது இன்ஷிராவைக் கட்டிப் பிடித்து, "தங்கள் இல்லம் நல்லது, நீர்தான் இல்லை," என்றாள். தகியாவும் ஷதாவும் சொந்தக்காரர்கள் என்ற பேரில் தங்கினார்கள். இன்ஷிராஹ் தன் வளையல்களை விற்றாள். தாதியை நிறுத்தினாள், தகியாதான் இப்போது கட்டுப் போட்டாள்.

தண்ணீருக்கு இரண்டு பேரும் புது முறை வைத்துக்கொண்டார்கள். பிள்ளையின் விரிப்புக்கு முதல் உரிமை. அதைக் கடைசியாக அலசிய தண்ணீர் வீணாகாது. ஹிக்மத்தின் விரிப்புக்கு அதுதான் முதல் தண்ணீர். அதுவும் அழுக்கானால் கழிப்பறைக்கு. தங்கள் உடுப்பைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அப்படியும் ஒரு வியாழக்கிழமை ஒரே ஒரு வாளிதான் மிஞ்சியது. அன்று இரண்டு கட்டிலிலும் காய்ச்சல்.

"அவருக்குத் துவைங்க," என்றாள் தகியா. "உங்க வீடு இது."

"பைத்தியம் மாதிரி பேசாத."

"நேத்தும் இவளுக்குத்தான் துவைச்சோம், உம்மு தலால். நான் கணக்குத் தெரியாதவ இல்ல."

இன்ஷிராஹ் வாளியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையின் விரிப்பை எடுத்து அதில் அமுக்கினாள். ஹிக்மத்தின் விரிப்பை மறுபக்கம் திருப்பிப் போட்டு, அதன் மேல் தன் குளிர்காலச் சால்வையை மடித்து விரித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதல் மழைக்கு முன்பு புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறி ஹிக்மத் மருத்துவமனையில் இறந்துபோனார். அந்த ஒரு வாளியாலா, அதற்கு முன்னால் போன எல்லா நாளாலுமா என்று டாக்டரிடம் கேட்க இன்ஷிராவுக்குத் துணிவு வரவில்லை. ஷதாவின் ரத்தத்தில் நோய் அடங்கியிருப்பதாக அதே மாதம் சொன்னார்கள். திரும்ப வராது என்று யாரும் சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் தகியாதான் கசப்புக் காப்பி ஊற்றினாள். அபு நிஸார் வந்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், அவருக்கும் ஊற்றினாள். எல்லாரும் போன பிறகு, ஹிக்மத்தின் கட்டிலில் கிடந்த விரிப்பை உருவிச் சுருட்டிக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்தாள்.

"வெச்சிடு, தகியா," என்றாள் இன்ஷிராஹ். "அவரு வாசம் இருக்கு அதுல."

தகியா விரிப்பைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.